மொட்டை மாடியில் பதினோரு மூக்கு

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

இன்று வீட்டுக்கு ஒரு பீரோ வந்தது. பீரோ இல்லை, கறி சுடுகிற கேஸ் கிரில். ஆனால் என் வீட்டுக்காரர் ஆல்வின் அதைப் பீரோ என்றுதான் சொல்கிறார். நாலு சக்கரம், மேலே பெரிய மூடி, முன்னால் மூன்று திருகு, கீழே கதவு போட்ட அலமாரி. கம்பெனி வேனில் ஏற்றி வந்து நாலு பேர் பிடித்து மொட்டை மாடிக்குத் தூக்கினார்கள். படிக்கட்டுச் சுவரில் பெயின்ட் போச்சு.

ஜெர்மனிக்காரர் வெர்னர் கொடுத்தது. எங்கள் ஷூ கம்பெனியில் ஆறு வருடம் டெக்னீஷியனாக இருந்துவிட்டு இந்த வெள்ளிக்கிழமை ஊருக்குத் திரும்புகிறார். கிரில் யாருக்கு வேண்டும் என்று கேட்டபோது ஆபீஸே கை தூக்கியது. அவர் என்னைக் காட்டினார். தீயணைப்புக் கமிட்டி லீடர் கையில்தான் தீயைக் கொடுக்கணும் என்று இங்கிலீஷில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்கு அர்த்தம் புரிந்தது படி இறங்கும்போதுதான்.

“இத வச்சி இன்னா பண்ணுவ கிறிஸ்டி? பையன் ஹாஸ்டல்ல இருக்கான். நமக்கு இருக்கறது ரெண்டு வயிறு” என்றார் ஆல்வின்.

என்ன பண்ணுவேன் என்று எனக்குத் தெரியும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

6 பிப்ரவரி, வியாழன்

இன்றும் கேன்டீனில் ஜன்னல் ஓரம் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது எழுதுகிறேன். பதினேழு வருடம் பேஸ்டிங் டேபிளில் இருந்தேன். ஷூவின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் பசை தடவுகிற வேலை. பக்கத்து ஸ்டூலில் பிரிசில்லா, எதிரே ஹலீமா பீ. மதியம் எல்லா டப்பாவும் நடுவில் திறக்கும். யார் குழம்பு யார் சோற்றில் விழுந்தது என்று கணக்கே கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். மறுநாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அதே இடத்துக்குப் போனேன். பிரிசில்லா எழுந்து, “உக்காருங்க மேடம்” என்று ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தாள். துடைத்துக் கொடுத்தாள்! பதினேழு வருடம் என் தோளில் தூங்கி வழிந்தவள்.

அதனால்தான் கிரில். டேபிள் முழுவதையும் வீட்டுக்குக் கூப்பிடப் போகிறேன். கம்பெனிக்கு வெளியே, என் மாடியில், நானே நின்று சுட்டுச் சுட்டுப் போட்டால் இந்த ‘மேடம்’ உதிர்ந்து போகாதா? எனக்கு அவர்கள் திரும்ப வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

இன்னொன்று. டேபிளில் புதுப் பெண் தமிழினி, மாதனூர்க்காரி, வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. “மேடம், பசை வாடை ஜாஸ்தியா இருக்குது. தல வலிக்குது” என்றாள். போய் நின்று மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. “வாடையே இல்லம்மா. புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகிடும்” என்றேன். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். நல்ல பெண்தான், கொஞ்சம் பூஞ்சை உடம்பு.

7 பிப்ரவரி, வெள்ளி

வெர்னர் கிளம்பிவிட்டார். கிரில்லுக்கான கையேடு முழுக்க ஜெர்மனில் இருக்கிறது. படம் பார்த்துக் கதை சொல்கிற வயசுக்குத் திரும்பிவிட்டேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது பஜாரில் ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நயீம் அகமது பாயைக் கையோடு கூட்டி வந்தோம். வெளிநாட்டு ரெகுலேட்டர் நம் சிலிண்டரில் உட்காரவே மாட்டேன் என்றது. பாய் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு நம் ஊர் ரெகுலேட்டரும் ஆரஞ்சு டியூபும் மாட்டி, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு முறுக்கினார். சிலிண்டரைக் கிரில்லுக்குப் பக்கத்தில் தரையில் நிமிர்த்தி வைத்தார். பிறகு டம்ளரில் சோப்புத் தண்ணீர் கலக்கி, டியூப் சேருகிற இடமெல்லாம் பிரஷ்ஷால் தடவி, குனிந்து உற்றுப் பார்த்தார்.

“குமிழி வந்தா லீக்குன்னு அர்த்தம். வரல. ஆனா சிலிண்டர மாத்தினாலும் சரி, நகர்த்தினாலும் சரி, ஒவ்வொரு தபாவும் இத செஞ்சிடுங்க மேடம்.”

“கேஸ் வாடை வந்தா தெரியப்போவுது. மூக்கு இருக்குதே பாய்?”

“மூக்குக்கு ஜலதோஷம் புடிக்கும். சோப்புக்குப் புடிக்காது.”

அவர் போனதும் ஆல்வின் கிரில்லைத் துணி துவைக்கிற இடத்தின் ஷீட்டுக்குக் கீழே தள்ளப் பார்த்தார். வெயில் படாதாம். கமிட்டி லீடர் முன்னால் இது நடக்குமா? ஷீட் கூடாது, ஷாமியானா கூடாது, தீக்கு மேலே வானம் மட்டும்தான் இருக்கணும் என்றேன். துணிக்கொடி, பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க், சுவர் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, மாடிக்கு நட்டநடுவில் நிறுத்தினேன். “கல்யாணப் பொண்ணு மாதிரி நடுவுல நிக்குது” என்றார்.

11 பிப்ரவரி, செவ்வாய்

கூப்பிட்டுவிட்டேன்! டேபிளில் பதினோரு பேர். பதினோரு பேரும் வருகிறார்களாம்.

தேதி பிடிப்பதுதான் பெரிய பாடு. மார்ச் பிறந்ததும் ஹலீமா பீ வகையறாவுக்கு ரம்ஜான் நோன்பு. அந்த வாரமே எங்களுக்கு லெந்து, ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் கறி கிடையாது. இரண்டு பக்கமும் வாய் திறந்திருக்கிற ஞாயிறு 23-ஆம் தேதி. கோழி ஹலால் கடையில்தான் வாங்குவேன் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். ஹலீமா பீ தலையை ஆட்டினார்.

பிரிசில்லா மட்டும், “மேடம் கூப்ட்டா வர வேண்டியதுதானே” என்றாள். மீட்டிங்குக்கு வருவதுபோல. பரவாயில்லை. வரட்டும் முதலில்.

13 பிப்ரவரி, வியாழன்

பால் அடிப்பிடித்துப் பாத்திரமே கருகிவிட்டது. நான் பக்கத்தில் நின்றுதான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். ஆல்வின் வாசலிலிருந்து ஓடி வந்தார். “தெருவுக்கே தெரியுது, உனக்குத் தெரியலயா?” கிரில் யோசனைதான், வேறென்ன.

16 பிப்ரவரி, ஞாயிறு

வெள்ளோட்டம். மூடியைத் திறந்துவைத்த பிறகுதான் திருகைத் திறந்தேன், மூடி வைத்துப் பற்றவைத்தால் உள்ளே சேர்ந்த கேஸ் ‘டப்’ என்று முகத்தில் அடிக்கும். ‘டிக்’ என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு வரிசைத் தீ. நானும் ஆல்வினும் கை தட்டிக்கொண்டோம். நாற்பத்தைந்து வயசில் வெட்கமே இல்லாமல்.

பிறகு கோழித் தொடையின் கொழுப்பு சொட்டி, தீ ஒரு முழம் எழுந்தது. ஆல்வின் வாளித் தண்ணீரோடு பாய்ந்தார். “தண்ணி ஊத்தாதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கொழுப்புத் தீயில் தண்ணீர் ஊற்றினால் அது நாலு பக்கமும் தெறிக்கும். திருகை அடைத்தேன், மூடியை மூடினேன், காற்று இல்லாமல் அதுவே செத்துப்போனது. அப்புறம் பார்த்தால் கொழுப்பு விழுகிற தட்டைக் கழுவாமலே வெர்னர் கொடுத்திருக்கிறார். ஆறு வருட ஜெர்மன் கொழுப்பு! சுரண்டி எடுத்துவிட்டு ஒரு வாளி மணலும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.

கோழி வெளியே கரி, உள்ளே பச்சை. ஆல்வின் ஒரு கடி கடித்துவிட்டு, “உன் தோஸ்துங்கள கூப்ட்டு பழி வாங்கப் போறியா?” என்றார். அடுத்த முறை தீயைச் சிறியதாக வைக்கணும்.

22 பிப்ரவரி, சனி

எல்லாம் தயார். இருபத்துநாலு தொடை, ஐந்து கிலோ வஞ்சிரம், மிளகாய் இஞ்சி பூண்டு எல்லாம் தடவி ஃபிரிட்ஜில் இருக்கிறது. வாடகைச் சேர் பன்னிரண்டு.

சிலிண்டர் வெளியே நிற்பது பார்க்க நன்றாகவே இல்லை. சிவப்புப் பானைபோலத் துருத்திக்கொண்டு இருக்கிறது. கீழே அலமாரி சும்மாதானே இருக்கிறது என்று இடித்துப் பிடித்து அதற்குள் நுழைத்தோம். டியூப் கொஞ்சம் மடங்கியது. கதவு மூடிக்கொண்டது. இப்போதுதான் லட்சணமாக இருக்கிறது.

கையேட்டில் அலமாரிக்குள் சிலிண்டர் நிற்கிற படத்தின் மேல் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கிறது. ஆல்வின் காட்டினார். அது அவங்க ஊர் சிலிண்டருக்கு என்று சொல்லிவிட்டேன். சோப்புத் தண்ணீர்? ஆல்வின் கீழே போய்விட்டார், இருட்டியும் விட்டது. வால்வைத் திறந்து, மண்டி போட்டு, நன்றாக மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. மூடிவிட்டு இறங்கினேன். போதும்.

நாளைக்கு என்ன பேசுவது? இதைத்தான் யோசிக்க வேண்டும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பதினொன்றரைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். நல்ல புடவை, தலை நிறையப் பூ. வந்து வாடகைச் சேரில் வரிசையாக உட்கார்ந்தார்கள். “மேடம் வீடு நல்லா இருக்குது.” “காத்து நல்லா வருது மேடம்.” அவ்வளவுதான் பேச்சு. பிரிசில்லா ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்திருந்தாள், ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க வருகிற மாதிரி.

எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. பதற்றம் வந்தால் நான் வகுப்பு எடுப்பேன். சிலிண்டர் வால்வைத் திறந்துவிட்டு, அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்புப் பயிற்சியில் பேசுவதுபோல ஆரம்பித்தேன். மூடியைத் திறந்த பிறகுதான் பற்றவைக்கணும், துப்பட்டா தொங்கவிட்டுக்கொண்டு யாரும் கிட்டே வரக்கூடாது, கொழுப்புத் தீயில் தண்ணீர் கூடாது. கால் மணி நேரம் பேசியிருப்பேன். பதினோரு பேரும் கை கட்டிக் கேட்டார்கள். என் மாடியிலேயே நான் மேடமாக நின்றுகொண்டிருந்தேன். எனக்கே தெரிந்தது, நிறுத்தத்தான் தெரியவில்லை.

மூடியைத் திறந்தேன். கை திருகுக்குப் போனது.

“மேடம், கேஸ் வாடை வருது” என்றாள் தமிழினி.

நான் குனிந்து கதவைத் திறந்து மூக்கை உள்ளேயே விட்டேன். ஒன்றும் இல்லை. “பிரிசில்லா, பாரு.” அவளும் மோந்தாள். இல்லை என்றாள். ஹலீமா பீ வந்து பார்த்தார். இல்லை. வரிசையாக எல்லோரும் வந்து மோந்து பார்த்தார்கள், ஏதோ கோயிலில் தீபாராதனை மாதிரி. என்னோடு சேர்த்துப் பதினோரு மூக்கு இல்லை என்றது. ஒரு மூக்கு இருக்கிறது என்றது.

“உனக்கு எதுலதான் வாடை இல்ல?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு முதல் சிரிப்பு அது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! அந்தச் சந்தோஷத்திலேயே திரும்பித் திருகைப் பிடித்தேன்.

தமிழினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகாத பெண், சூப்பர்வைசர் கையைப் பிடித்து இழுத்தாள். “வேணாம் மேடம். பத்த வைக்காதீங்க. சத்தியமா வருது.” கண்ணில் தண்ணீர்.

நான் கையை உதறியிருப்பேன். நிச்சயமாக உதறியிருப்பேன். அதற்குள் ஐஸ் பெட்டியோடு படியேறி வந்த ஆல்வின் வாசலிலேயே நின்றார். “இன்னாது இது, இவ்ளோ கேஸ் வாடை? யாரும் எதையும் தொடாதீங்க! அந்தப் பக்கம் போங்க எல்லாரும்!” பெட்டியைப் போட்டுவிட்டு வந்து வால்வை மூடினார், கதவுகளை விரியத் திறந்தார். நாங்கள் பன்னிரண்டு பேரும் மாடியின் அந்தக் கோடியில் கோழிகள்போல ஒண்டினோம். செல்போனைக்கூட யாரும் தொடவில்லை. கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, கீழேயே தேங்கும். இதைக் கம்பெனியில் இருநூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அலமாரியில் கதவைச் சாத்தித் தேக்கி வைத்தவளும் நான்.

அரை மணி நேரம் காற்றாடவிட்ட பிறகு ஆல்வின் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். வால்வை லேசாகத் திறந்து டியூப் கிளிப்பில் தடவினார். குமிழி வந்தது. கோலிக்குண்டு அளவுக்கு ஊதி, உடைந்தது. அடுத்தது வந்தது. நாங்கள் எல்லோரும் குனிந்து அதையே பார்த்தோம். அலமாரிக்குள் நான் திணித்ததில் டியூப் மடங்கி, கிளிப் நெகிழ்ந்திருக்கிறது.

ஹலீமா பீதான் முதலில் கைப்பையைத் துழாவி அத்தர் புட்டியை எடுத்தார். மூடியைத் திறந்து மூக்கில் வைத்தார். பிரிசில்லா மூக்கில் வைத்தார். என் மூக்கில் வைத்தார். எனக்குக் குளிர்ச்சியாக ஏதோ பட்டது, அவ்வளவுதான்.

“என் மருமக தெனமும் சொல்லுவா, அம்மி, அத்தர் ஜாஸ்தி, அத்தர் ஜாஸ்தின்னு” என்றார் ஹலீமா பீ. “நான் அவகிட்ட ஆறு மாசமா சண்ட போட்டுக்கினு கீறேன்.”

அதற்கு யாராவது சிரித்திருக்க வேண்டும். ஆனால் பிரிசில்லா தன் தலைப்பூவைப் பிய்த்து மூக்கில் அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஏய் கிறிஸ்டி! இந்தப் பொண்ணு தலவலின்னு சொன்னப்போ இதே மூக்க வச்சிக்கினுதானே இல்லன்னு சொன்ன? நீ இல்லன்ன, நாங்களும் மண்டைய ஆட்டினோம். எத்தினி நாளா உள்ள இழுத்துக்கினு இருக்கறமோ, எவளுக்குத் தெரியும்? லீடராம் லீடர்!”

ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். நான் “ஆமா” என்றேன். அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். தமிழினியிடம், “நீ சொன்னத நான் கேக்கல. தப்பு என்னுதுதான்” என்றேன். அவள் பயந்துபோய், “பரவால்ல மேடம், பரவால்ல” என்றாள். பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? நான் திருகைத் திருகியிருந்தால்? எழுதவே வேண்டாம்.

சாப்பாடு? அதுவும் நடந்தது. ஆல்வின் சிலிண்டரை வெளியே இழுத்து நிறுத்தி, கிளிப்பை முறுக்கி, மறுபடி சோப்பு தடவிக் காட்டினார். குமிழி இல்லை. எங்கள் யாரையும் கேட்காமல் தமிழினியைக் கூப்பிட்டு, “நீ சொல்லும்மா” என்றார். அவள் மோந்து பார்த்துத் தலையாட்டிய பிறகு பற்றவைத்தோம். இரண்டரை மணிக்குச் சாப்பிட்டோம். பசியில் யாருக்கும் மரியாதை நினைவில்லை. தட்டு தட்டாகக் கை மாறியது. பிரிசில்லா என்னோடு பேசவில்லை. போகும்போது மட்டும், “மீனுக்கு உப்பு கம்மி” என்றாள்.

ஒன்று எழுதியே ஆகணும். இரண்டு வருடத்தில் இன்றைக்குத்தான் அவள் என் பேர் சொன்னாள். திட்டினாலும் பேர் சொல்லித் திட்டினாள்.

24 பிப்ரவரி, திங்கள்

காலையில் எல்லோருக்கும் முன்னால் பேஸ்டிங் டேபிளுக்குப் போனேன். மூக்கை நம்பாமல் காற்றைச் சோதிப்பது எப்படி? ஷூ டப்பாவில் வைக்கிற டிஷ்யூ பேப்பரில் ஒரு தாளை எடுத்து, டேபிளுக்கு மேலே பசைக் காற்றை இழுக்கிற குழாயின் வாயில் வைத்தேன். இழுத்தால் தாள் ஒட்டிக்கொண்டு நிற்கணும். விழுந்தது. அடுத்த குழாய்க்கு வைத்தேன், விழுந்தது. ஐந்து குழாயில் ஒன்றில்கூட ஒட்டவில்லை.

மெயின்டனன்ஸ் ஜெயப்பிரகாஷ் கூரை ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். “உள்ள மோட்டார் சுத்துது, சத்தம் வருது. ஆனா ஃபேனோட பெல்ட் அறுந்துபோய்க் கிடக்குது மேடம். ரெண்டு குழாயில பசைத்தூசு கெட்டியா அடைச்சிக்கிச்சி. சத்தம் கேட்டதால யாருமே பாக்கல.”

சத்தம் கேட்டது, வாடை வரவில்லை. நமக்கு எல்லாமே சரியாக இருந்தது.

நாளைக்கு மேனேஜரிடம் சொல்லணும். குழாயைப் பற்றி மட்டும் சொன்னால் என் வேலை நிற்கும், இன்னும் பாராட்டுகூடக் கிடைக்கும். மூக்கைப் பற்றிச் சொன்னால் சூப்பர்வைசர் வேலை போகும். ஆல்வினிடம் கேட்டேன். “நீ ஏற்கெனவே முடிவு பண்ணிட்ட. என்ன இன்னாத்துக்குக் கேக்கற?” என்றார்.

25 பிப்ரவரி, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

“சார், எனக்கு வாடை தெரியாது. எங்க டேபிள்ல இன்னும் பத்து பேருக்குத் தெரியாது. புதுசா வந்த பொண்ணு சொன்னத நான் கேக்கல.”

“இத இப்ப வந்து சொல்றீங்களே?”

“இப்பதான் சார் தெரிஞ்சது.”

அவர் மெயின்டனன்ஸுக்குப் போன் போட்டு விசாரித்தார். டேபிளை இரண்டு நாள் நிறுத்தினார். நல்ல மனிதர்தான், ஆனால் ஆர்டர் தள்ளிப்போகிறது என்று முகம் சுண்டிவிட்டது. வெளியே வரும்போது டேபிள் முழுக்க வாசலில் நின்றிருந்தது.

1 மார்ச், சனி

வேலூரில் காது மூக்கு தொண்டை டாக்டர். கம்பெனி பஸ்ஸிலேயே எல்லோரும் போனோம், வழக்கம்போல அதை ஓட்டினது ஆல்வின். பள்ளிகொண்டாவில் நிறுத்தி டீ குடித்தோம். சின்னச் சின்னப் புட்டியாக மூக்கில் வைத்துக் கேட்டார்கள். நாலு பேருக்குச் சுத்தமாக இல்லை, தமிழினி தவிர மற்றவர்களுக்கு அரைகுறை. நான் அந்த நாலில் ஒருத்தி. பசைக் காற்றிலிருந்து விலகியிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், முழுசாக வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். பரீட்சை முடிந்ததும் யாருக்கு எத்தனை மார்க் என்று வராண்டாவில் ஒரே சத்தம். நர்ஸ் வந்து விரட்டினார்.

5 மார்ச், புதன்

லெந்து தொடங்கிவிட்டது. நான் இன்று முதல் பேக்கிங்கில், சாதாரணச் செக்கராக. ஷூவை டிஷ்யூவில் சுற்றி டப்பாவில் வைக்கிற வேலை. பேஸ்டிங் ஆட்களை மாதா மாதம் வேறு செக்ஷனுக்கு மாற்றப் போகிறார்கள். டிஷ்யூ தாள் சோதனை தினமும் காலையில், அது தமிழினி பொறுப்பு.

வருத்தம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். இருக்கிறது. அந்தச் சூப்பர்வைசர் அட்டையைக் கழற்றி, ஒரு தரம் திருப்பிப் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

கேன்டீனில் இன்று என் ஜன்னல் ஓரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். டப்பாவோடு நின்றேன். பிரிசில்லா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த பையை மட்டும் எடுத்துத் தரையில் வைத்தாள். உட்கார்ந்தேன். நான் கொண்டுபோனது வெறும் ரசம்சோறு, அவளும் லெந்துதான், மோர்சோறு. இரண்டையும் கலந்து சாப்பிட்டோம். நன்றாகவே இல்லை. நன்றாக இருந்தது.

20 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பிரிசில்லா என் முழங்கையைக் கிள்ளினாள். “லெந்து முடிஞ்சிச்சி. உன் பீரோவ எப்போ தொறக்கப் போற?” சாயந்திரமே திறந்தோம். சோப்புத் தண்ணீரை அவளே தடவினாள், நான் தொடக்கூடாதாம். ஹலீமா பீ தடவிக் கொடுத்த மசாலாவில் கோழி. உப்பு சரியாக இருந்தது. நயீம் பாய்க்கும் ஒரு டப்பா கொடுத்தனுப்பினோம்.

12 ஜூன், வியாழன்

காலை பஸ். ஆல்வின் ஓட்ட, மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக நான். தோல் பதனிடுகிற டேனரி வளைவு வந்ததும் தமிழினி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிரிசில்லா அவளைக் கிண்டல் பண்ண வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் வந்தது. முதலில் என்னவென்றே புரியவில்லை. மூக்குக்குள் யாரோ விரலை விட்டது மாதிரி ஒரு உறுத்தல், தொண்டை வரைக்கும். ஊறின தோல், சுண்ணாம்பு, அழுகல், எல்லாம் ஒன்றாக.

“ஐயோ, நாறுதுடி!” என்று கத்திவிட்டேன். “நாறுதுடி பிரிசில்லா! தாங்க முடியல!”

பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். “அண்ணா, நிறுத்துங்கண்ணா! பஸ்ஸ நிறுத்துங்க!” ஆல்வின் டேனரி கேட்டுக்கு நேராகவே நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, என் கண்ணில் தண்ணீர்.

ஹலீமா பீ எழுந்து ஜன்னல் கண்ணாடியை முழுசாகத் தள்ளினார். தன் ஜன்னல் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

“இங்க வா. இங்க ஜாஸ்தியா வரும்.”